ஊர் திரும்பும் அமெரிக்கத் தமிழர்களுக்கு: ஓ.சி.ஐ. முதலில், டிவி அடுத்தது, கணினி கடைசி

பதினோரு ஆண்டுகள் நியூ ஜெர்சியில் இருந்துவிட்டு 2018 கோடையில் குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பியபோது நான் செய்த முதல் தவறு, பெட்டி கட்டத் தொடங்கிய அன்றே மேசைக் கணினியையும் ஸ்கேனரையும் கழற்றி அட்டைப்பெட்டிக்குள் வைத்து ஒட்டியதுதான். அடுத்த வாரமே குழந்தைகளின் ஓ.சி.ஐ. (வெளிநாட்டுக் குடியுரிமை கொண்ட இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) விண்ணப்பம் திருத்தம் கேட்டுத் திரும்பி வந்தது. வேண்டிய ஆவணங்கள் எல்லாம் அந்தக் கணினியின் ஹார்ட் டிஸ்கில் இருந்தன. பெட்டியோ வரவேற்பறையில் அடுக்கியிருந்த பதினான்கு பெட்டிகளுக்கு அடியில் இருந்தது. எந்த வேலையை எதற்கு முன்னால் செய்வது என்பதை யாராவது அன்று சொல்லியிருந்தால் இரண்டு இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும் என்பதால் இதை எழுதுகிறேன். விமானச் சீட்டு எடுப்பது, வீட்டை ஒப்படைப்பது போன்றவற்றை நீங்களே பார்த்துக்கொள்வீர்கள்.

முதல் படி: குழந்தைகளின் ஓ.சி.ஐ.

இந்தியா இரட்டைக் குடியுரிமையை ஏற்பதில்லை. அமெரிக்காவில் பிறந்து அமெரிக்கப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் குழந்தை, பெற்றோர் இருவரும் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், நம் ஊருக்குள் வெளிநாட்டவராகவே நுழைய வேண்டும். சில மாதங்களுக்கு வந்துபோக விசா போதும். நிலையாகக் குடியேறிப் பள்ளியில் சேர்க்கப்போகிறவர்கள் வேறு யோசனையே இல்லாமல் ஓ.சி.ஐ. எடுத்துவிடுவது நல்லது. அது ஆயுள் முழுவதற்குமான அனுமதி, வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டிய தேவையும் இல்லை. முன்பு இதே போல இந்திய வம்சாவளியினருக்குக் கொடுத்துவந்த பி.ஐ.ஓ. அட்டையைப் பழைய நண்பர்கள் யாராவது சொன்னால் காதில் வாங்க வேண்டாம். அந்தத் திட்டம் 2015 ஜனவரியிலேயே ஓ.சி.ஐ.யோடு இணைக்கப்பட்டுவிட்டது.

குழந்தையின் பாஸ்போர்ட், பெற்றோர் பெயர்கள் உள்ள முழு வடிவப் பிறப்புச் சான்றிதழ், பெற்றோரின் இந்தியப் பாஸ்போர்ட்டுகள், திருமணச் சான்றிதழ், பெற்றோர் இருவரும் கையொப்பமிட்ட உறுதிமொழி ஆகியவை அடிப்படை. இவற்றில் தமிழ்நாட்டுக்காரர்கள் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு. தமிழ்நாட்டில் எல்லாத் திருமணங்களையும் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டினுடையது. அதற்கு முன் மணம் முடித்த எங்களைப் போன்ற பலரிடம் அழைப்பிதழும் ஆல்பமும் இருக்குமே தவிர, சார் பதிவாளர் அலுவலகச் சான்றிதழ் இருக்காது. ஊருக்கு விடுமுறையில் போகும்போதே அதை வாங்கி வைத்துவிடுங்கள். இரண்டாவது, நம்முடைய இனிஷியல். எனக்குப் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக விரிந்திருந்தது. மகனின் பிறப்புச் சான்றிதழிலோ மருத்துவமனைப் படிவத்தில் நானே அவசரத்தில் எழுதிய ஒற்றை எழுத்து மட்டும் நின்றது. இதைத் திருத்த, குழந்தை பிறந்த நகராட்சியின் பதிவாளரிடம் போக வேண்டும். சென்னையில் இருந்துகொண்டு அதைச் செய்ய முயல்வது பெரும்பாடு.

இனி, என் விண்ணப்பம் திரும்பி வந்த காரணம். இணையத்தில் படங்களைப் பதிவேற்றும்போது, புகைப்படம் சரியான சதுரமாக இருக்க வேண்டும். கையொப்பப் படமோ உயரத்தைப் போல மூன்று மடங்கு அகலம் கொண்டதாக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடத் தெரியாத குழந்தைக்குப் பெருவிரல் ரேகை வைக்கிறோம். ரேகை இயல்பாகவே நெட்டுக்குத்தாக இருப்பது, அதை அகலமான சட்டத்துக்குள் அடக்க வேண்டும். நான் பெயின்ட் நிரலில் ரேகையை மட்டும் வெட்டி, விகிதத்தைப் பேணும் பெட்டியில் இருந்த குறியை எடுத்துவிட்டு, 600க்கு 200 என்று இழுத்துவிட்டேன். ரேகை, மிதிபட்ட தோசைபோல் பக்கவாட்டில் பரந்து, யாருடைய விரல் என்றே தெரியாத ஒன்றாகிவிட்டது. செய்ய வேண்டியது இதுதான்: வெள்ளைத்தாளின் நடுவில் ரேகையை வைத்து, சுற்றிலும் நிறைய வெற்றிடம் விட்டு ஸ்கேன் செய்யுங்கள். இர்ஃபான்வியூ என்ற இலவச நிரலில் ஷிஃப்ட், சி இரண்டையும் சேர்த்து அழுத்தினால் வெட்டும் கட்டத்தின் விகிதத்தைக் கேட்கும். அங்கே 3:1 என்று கொடுத்து, ரேகை நடுவில் வரும்படி கட்டத்தை நகர்த்தி, வெட்டிச் சேமியுங்கள். எதையும் இழுக்க வேண்டாம், சுருக்க நேர்ந்தால் விகிதம் மாறாமல் சுருக்குங்கள். இணையத்தில் படம் வெட்டித்தரும் தளங்கள் ஏராளம் இருக்கின்றன, ஆனால் குழந்தையின் ரேகையையும் பாஸ்போர்ட்டையும் முன்பின் தெரியாத தளத்தில் ஏற்றுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இரண்டாம் படி: டிவியை எடுத்துவருவதா?

என் கருத்து, வேண்டாம். 2013 ஆகஸ்ட் 26 முதல் தட்டைத் திரை டிவிக்கு, பயணிகளின் உடைமைகளுக்கு உண்டான வரியில்லாச் சலுகை கிடையாது; நான் வந்த ஆண்டில் மேல்வரியும் சேர்த்து 38.5 சதவீதம் கட்டினேன். அதற்கு மேலும் இரண்டு செலவுகள் வந்தன. முதலாவது எல்லோருக்கும் தெரிந்தது: அங்கே 120 வோல்ட், இங்கே 230 வோல்ட். டிவியின் முதுகில் ஒட்டியிருக்கும் லேபிளைக் கைவிளக்கு வைத்துப் பாருங்கள். 100-240 என்று இருந்தால் பிளக்கை மாற்றினால் போதும். 110-120 என்று மட்டும் இருந்தால் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் தேவை. ‘உள்ளே எல்லாம் ஒரே பலகைதான், நேராகச் செருகலாம்’ என்று சொல்லும் நண்பர் எல்லோருக்கும் ஒருவர் இருப்பார். டிவி அவருடையது அல்ல. டிரான்ஸ்ஃபார்மரை அங்கிருந்து சுமந்து வர வேண்டாம், சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் கிடைக்கிறது. டிவி இழுக்கும் வாட்டைப் போல இரு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

இரண்டாவது செலவுதான் எனக்குத் தெரியாமல் போனது. டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைக் குறைக்கும், ஹெர்ட்ஸை, அதாவது மின்சாரம் நொடிக்கு எத்தனை முறை அலைகிறது என்பதை, மாற்றாது: அங்கே 60, இங்கே 50. டிவியின் மின்சாரத்துக்கு அதனால் தொல்லை இல்லை, தொல்லை படத்தில் இருக்கிறது. அமெரிக்க ஒளிபரப்பு 60 ஹெர்ட்ஸ் மரபில் வந்தது, இங்குள்ள டி.டி.எச்., கேபிள் செட்டாப் பாக்ஸ்கள் 50 ஹெர்ட்ஸில் படத்தை அனுப்புபவை. அமெரிக்கச் சந்தைக்கென்று செய்யப்பட்ட டிவிகளில் பல, எச்டிஎம்ஐ வழியாக வந்தாலும் அந்த 50 ஹெர்ட்ஸை ஏற்காது. எங்கள் வீட்டில் டி.டி.எச். ஊழியர் கூரையில் தட்டை நிறுத்தி, சிக்னல் பார்த்து, எல்லாம் முடித்துக் கீழே வந்து இயக்கியபோது, நீலத் திரையில் ‘ஆதரிக்கப்படாத சிக்னல்’ என்ற பொருளில் ஒரு வரி மட்டும் நின்றது. தம்முடைய பெட்டியில் பழுது என்று நினைத்து அவர் வேறொரு பெட்டி கொண்டுவந்தார், அதிலும் அதே வரிதான். மஞ்சள், சிவப்பு, வெள்ளைப் பழைய கம்பிகளைச் செருகிப் பார்த்தோம். படம் கறுப்பு வெள்ளையில் தோன்றி, மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே இருந்தது. மாலைத் தொடருக்காக முன்னதாகவே காபியோடு வந்து உட்கார்ந்திருந்த என் அம்மா, “இதுக்கா வரி கட்டின?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

இதைப் புறப்படுவதற்கு முன் அங்கேயே சோதிக்கலாம் என்பதுதான் எரிச்சல். மடிக்கணினியை எச்டிஎம்ஐ கம்பியால் டிவியோடு இணையுங்கள். விண்டோஸில் திரை அமைப்புகளுக்குள் சென்று, மேம்பட்ட அமைப்பில் டிவியைத் தேர்ந்து, புதுப்பிப்பு வீதம் என்ற பட்டியலில் 50 ஹெர்ட்ஸ் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்து, படம் நிலையாக நிற்கிறதா என்று பத்து நிமிடம் ஓடவிடுங்கள். ஃபயர் டிவி ஸ்டிக் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் எளிது: திரை அமைப்பில் 1080 பி 50 ஹெர்ட்ஸ் என்று தனியாகவே ஒரு தேர்வு உண்டு. அதைக் கொடுத்ததும் திரை கறுத்துவிட்டால், அந்த டிவியை அங்கேயே விற்றுவிடுங்கள்.

என்னைப் போல ஏற்கெனவே கொண்டுவந்து சேர்த்துவிட்டவர்களுக்கு: ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை 60 ஹெர்ட்ஸில் வைத்தால் டிவி ஒழுங்காக ஓடும், சேனல்களையும் செயலிகள் வழியாகப் பார்த்துக்கொள்ளலாம். செட்டாப் பாக்ஸ்தான் வேண்டுமென்றால் 50ஐ 60ஆக மாற்றும் எச்டிஎம்ஐ மாற்றி வாங்க வேண்டும். ஒன்று வாங்கிப் பார்த்தேன். தொடருக்கும் திரைப்படத்துக்கும் குறையில்லை, ஆனால் செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்துவரி நொடிக்குப் பத்து முறை விக்கல் எடுத்ததுபோல் குலுங்கும். நொடிக்கு ஐம்பது படச்சட்டங்களை வைத்து அறுபதை நிரப்ப, ஐந்துக்கு ஒன்றை இருமுறை காட்டுவதால் வரும் குலுங்கல் அது.

இந்த ஹெர்ட்ஸ் விவகாரம் கடிகாரத்தையும் விடாது. மின்கம்பியின் அலைகளை எண்ணி நேரம் காட்டும் அமெரிக்க அலாரக் கடிகாரம், டிரான்ஸ்ஃபார்மரில் செருகினாலும் இங்கே மணிக்குப் பத்து நிமிடம் பின்தங்கும். எங்களுடையது முதல் நாளே பள்ளி வேனைத் தவறவிட வைத்தது.

மூன்றாம் படி: மேசைக் கணினி

ஓ.சி.ஐ. கைக்கு வந்த பிறகுதான் இதைத் தொட வேண்டும். வரி பற்றிக் கவலை குறைவு. நான் வந்தபோது நடப்பில் இருந்த 2016 உடைமை விதிகளின்படி, குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளிநாட்டில் இருந்து குடிபெயர்வோருக்கான சலுகைப் பட்டியலில் மேசைக் கணினி இருந்தது. பதினெட்டு வயது நிரம்பிய பயணி ஒரு மடிக்கணினியைத் தனியாகவும் கொண்டுவரலாம். அந்த இரண்டு ஆண்டுகளில் விடுமுறைக்கு வந்து தங்கிய நாள்கள் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது என்பதை மட்டும் பாஸ்போர்ட் முத்திரைகளைப் பார்த்து எண்ணிக்கொள்ளுங்கள். கப்பலில் அனுப்பும் சாமான், நீங்கள் இந்தியா வந்த ஒரு மாதத்துக்குள் அங்கிருந்து கிளம்பியிருக்க வேண்டும். புறப்படும் மாதத்தில் நடப்பிலுள்ள விதிகளைச் சுங்கத்துறையின் இணையதளத்தில் படித்துவிடுங்கள், இவை மாறக்கூடியவை.

கிராஃபிக்ஸ் அட்டையைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். கப்பல் பெட்டியின் ஆட்டத்தில் அதன் எடையே மதர்போர்டின் துளையை உடைத்துவிடும். ஹார்ட் டிஸ்க் கைப்பையில் உங்களோடு வரட்டும்.

பிறகு மின்வழங்கி. புதிய கணினிகளில் 100-240 என்று எழுதியிருக்கும், தானாகவே மாற்றிக்கொள்ளும். பழையவற்றில் பின்பக்கம், மின்கம்பி செருகும் இடத்தருகே, 115 என்றும் 230 என்றும் மாறும் சிறிய சிவப்பு நெம்பு ஒன்று இருக்கும். அது 115இல் இருக்கும்போது உள்ளே மின்னழுத்தத்தை இரட்டிப்பாக்கும் ஒரு சுற்று இயங்குகிறது. இங்குள்ள 230ஐ அதற்குள் விட்டால், 325 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் 650 வோல்ட் ஏறும். 200 வோல்ட் தாங்கும் இரண்டு கெபாசிட்டர்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ள முயன்று, பட்டாசுச் சத்தத்தோடு வெடிக்கும். ஆகவே நெம்பை அமெரிக்காவிலேயே, கம்பியைப் பிடுங்கிய கையோடு, 230க்குத் தள்ளி அதன் மேல் ஒரு ஒட்டுநாடா ஒட்டிவிடுங்கள். ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் மறந்துவிடும். பெட்டியைப் பிரிப்பது பெரும்பாலும் நீங்களாக இருக்காது, ஆர்வமிக்க மைத்துனராக இருக்கும். மானிட்டருக்கும் கணினிக்கும் இந்தியப் பிளக் வைத்த கம்பியைப் புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள். எர்த் முனையைப் பயனற்றதாக்கும் மலிவு அடாப்டர்கள் எனக்கு அறவே பிடிக்காது.

லேசர் பிரின்டரை விற்றுவிடுங்கள். தாளைச் சூடாக்கும் நொடியில் அது இழுக்கும் மின்சாரத்துக்கு ஏற்ற டிரான்ஸ்ஃபார்மர், பிரின்டரைவிடக் கனமாக இருக்கும். யு.பி.எஸ்.ஸையும் அங்கேயே விட்டுவிடுங்கள். குழந்தைகளின் அமெரிக்க டிவிடிகள் மண்டலம் 1ஐச் சேர்ந்தவை, அதே மண்டலத்துக்கு அமைத்த டிரைவில்தான் ஓடும். இங்கே மண்டலம் 5. கணினியின் டிவிடி டிரைவில் மண்டலத்தை ஐந்து முறைதான் மாற்ற முடியும் என்பதால், அமெரிக்க டிரைவைக் கை வைக்காமல் அப்படியே வைத்திருங்கள்.

பின்சேர்க்கை 1: கணினியின் லேபிளைப் பார்த்து நேராகச் செருகினேன், ஆனாலும் புகை வந்தது என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். விசாரித்தபோது, கணினிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதைச் செருகியிருந்த அமெரிக்கப் பவர் ஸ்ட்ரிப் கருகியிருந்தது. திடீரென ஏறும் மின்னழுத்தத்தைத் தடுக்கும் அமைப்போடு வரும் அந்தப் பலகைகள் 120 வோல்ட்டைவிட வெகுவாக ஏறுவதை ஆபத்து என்று கருதி அதை உறிஞ்ச முயல்பவை, 230இல் செருகினால் இடைவிடாது உறிஞ்சித் தீப்பிடிக்கும் நிலைக்குப் போகும். ஆறு துளை இருக்கிறதே என்று ஆசைப்பட்டு எடுத்துவர வேண்டாம். இதை முதலிலேயே எழுதாதது என் பிழை.

பின்சேர்க்கை 2: குழந்தையின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் ஓ.சி.ஐ.யையும் மாற்ற வேண்டுமா என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். 2021இல் வந்த மாற்றத்தின்படி, இருபது வயது வரை ஒவ்வொரு புதிய பாஸ்போர்ட்டுக்கும் அதன் நகலையும் புதிய புகைப்படத்தையும் மூன்று மாதத்துக்குள் இணையத்தில் ஏற்றினால் போதும், கட்டணம் இல்லை. இருபது நிறைந்த பின் எடுக்கும் பாஸ்போர்ட்டுக்கு ஒரு முறை மட்டும் அட்டையை மாற்ற வேண்டும். பதினாறு வயதுக்கு உட்பட்டவர்களின் அமெரிக்கப் பாஸ்போர்ட் ஐந்து ஆண்டுக்கே செல்லும் என்பதால், எங்கள் இளையவளுக்கு 2023இல் அண்ணா சாலையிலுள்ள அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் புதுப்பித்தோம். அன்று மாலையே நகலை ஏற்றினேன். நியூ ஜெர்சியிலிருந்து வந்த அதே மேசைக் கணினியில்தான். சிவப்பு நெம்பின் மேல் ஒட்டிய நாடா இன்னும் அப்படியே இருக்கிறது.