அயல்நகரில் காணாமற்போன உடன்பிறப்பைத் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலைக்கென்று பேங்காக் சென்ற தம்பியிடமிருந்தோ அக்காளிடமிருந்தோ பேச்சுமூச்சில்லை என்றால், மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புறப் பட்டணத்தில் இருக்கும் உடன்பிறந்தவர்களுக்கு உடனே தாய்லாந்து எல்லையிலுள்ள பாடாங் பெசார் சென்று எல்லையைக் கடக்க வேண்டும் என்றே தோன்றும். அந்தத் தவிப்பை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தேடலுக்குத் தேவையான பெரும்பாலானவை நம் வீட்டு அலமாரியிலும், கைப்பேசியிலும், ஊராரின் நினைவிலும்தான் இருக்கின்றன என்பதால், அவற்றைத் திரட்டாமல் புறப்படுவதைத்தான் நான் முதல் தவறாகக் கருதுகிறேன்.

காவல் நிலையத்தில் புகார் கொடுக்கத் தயங்குவது அதைவிடப் பெரிய இழப்பைத் தரும். இருபத்து நான்கு மணி நேரம் கழிய வேண்டும் என்ற நம்பிக்கையில் சிலர் காத்திருக்கிறார்கள். அப்படி ஒரு நிபந்தனை கிடையாது. வேறு சிலர், கடன் விவகாரமோ காதல் விவகாரமோ வெளியே தெரிந்துவிடும் என்று வெட்கி, கோயிலில் குறி கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். குறி கேட்பது அவரவர் நம்பிக்கை. ஆனால் அதற்காகப் புகாரைத் தள்ளிப்போடலாகாது. புகார் எண் இருந்தால்தான் விஸ்மா புத்ரா எனப்படும் வெளியுறவு அமைச்சிடமும் வெளிநாட்டிலுள்ள நம் தூதரகத்திடமும் பேச்சு நகரும். காணாமற்போனவர்களுக்காக அனைத்துலகக் காவல் அமைப்பான இன்டர்போல் வெளியிடும் மஞ்சள் அறிவிப்பையும் நம் நாட்டுக் காவல்துறைதான் கேட்டுப் பெற முடியும். குடும்பத்தார் நேரடியாகக் கேட்க இயலாது.

பெயர் விஷயத்தில் நேரும் பிழை சிறியதாகத் தோன்றும், ஆனால் பல நாள்களை விழுங்கிவிடும். நம் பெயர்களில் தந்தை பெயருக்கு முன் வரும் ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) என்னும் குறிப்பைப் பிற நாட்டு அலுவலகங்கள் அறியா. ஒரு மருத்துவமனைப் பதிவில் தந்தையின் பெயரே குடும்பப் பெயராக முதலில் நிற்கலாம். விமானச் சீட்டில் அந்தக் குறிப்பு பெயரோடு ஒட்டிக்கொண்டிருக்கலாம். தாய்லாந்துப் பதிவேட்டில் எழுத்தர் தம் காதில் விழுந்தபடி தாய் எழுத்தில் எழுதியிருக்கலாம். ஆகவே வீட்டில் கூப்பிடும் பெயரையோ, பன்னிரண்டு இலக்க அடையாளக் கார்டு எண்ணையோ மட்டும் கொடுத்துத் தேடச் சொன்னால் “அப்படி யாரும் இல்லை” என்ற பதிலே வரக்கூடும். அங்கே உறுதியான திறவுகோல் கடப்பிதழ் (பாஸ்போர்ட்) எண்தான். புதுப்பிக்கும்போது அந்த எண் மாறிவிடுவதால், பழைய நகலை நம்பாமல் கடைசியாக எடுத்த கடப்பிதழின் எண்ணைக் குடிநுழைவுத் துறையின் பதிவோடு ஒப்பிடுமாறு விசாரணை அதிகாரியிடம் கேளுங்கள். எல்லையை எந்த நாளில், எந்த வழியாகக் கடந்தார் என்பதையும் அப்போதே விசாரிக்கச் சொல்லுங்கள். தாய்லாந்து ஆவணங்களில் பௌத்த ஆண்டு வழங்குவதால் 2024 என்பது 2567 என்று இருக்கும். அதைக் கண்டு வேறு யாரோ என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

காணாமற்போனவரின் கைப்பேசி எண்ணைச் செலவு மிச்சம் என்று துண்டித்துவிடுவது திருத்த முடியாத தவறாகிவிடக்கூடும். முன்கட்டண எண்ணாக இருந்தால் காலாவதியாகாதபடி பணம் போட்டு வையுங்கள். அவருடைய குரல் பதிவுகளையும் புலனச் (வாட்ஸ்அப்) செய்திகளையும், எண்ணும் நேரமும் தெரியும்படி, அழிக்காமல் பாதுகாக்க வேண்டும். வேலைக்கு அனுப்பிய ஏஜெண்டு நம் ஊர்க்காரராகவே இருந்தால், ஆத்திரத்தில் அவர் வீட்டு வாசலில் கூட்டமாகப் போய் நிற்காதீர்கள். அவர் செய்திகளை அழித்துவிட்டுத் தலைமறைவாக அதுவே வழி செய்யும். அவருடைய எண், வங்கிக் கணக்கு, வாகன எண் ஆகியவற்றைக் காவல்துறையிடம் கொடுப்பதே பயன் தரும். அம்மா தாங்கமாட்டார் என்று அவரிடம் மறைப்பதும் பல வீடுகளில் நடக்கிறது. பிள்ளை உண்மையைச் சொன்ன கடைசி ஆள் அம்மாவாகவே இருக்கலாம், பக்குவமாகக் கேளுங்கள்.

முகநூலில் அடையாளக் கார்டு நகலையும் வீட்டு எண்ணையும் போட்டு உதவி கேட்டால், முதலில் அழைப்பவர்கள் மோசடிக்காரர்களாக இருக்கக்கூடும். காணாமற்போனவர் தங்களிடம் இருப்பதாகச் சொல்லிப் பணம் கேட்பவர்களிடம், அவருக்கு மட்டுமே தெரிந்த ஒன்றைக் கேட்டுப் பதில் வாங்கித் தரச் சொல்லுங்கள். அழைப்பு வந்ததைக் காவல்துறைக்கும் தெரிவியுங்கள். ஏமாந்து பணம் அனுப்பிவிட்டால் உடனே 997 எண்ணில் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை அழைக்க வேண்டும்.

பேங்காக் செல்வதென்று முடிவானால், தெற்குச் சாத்தோர்ன் சாலையிலுள்ள மலேசியத் தூதரகத்துக்கு முன்கூட்டியே தெரிவியுங்கள். தென் தாய்லாந்தின் ஹாட்யாய்ப் பக்கம் என்றால் சொங்க்லாவில் உள்ள துணைத் தூதரகம் அருகில். தேடுபவரும் காணாமற்போனவரும் ஒரே பெற்றோரின் பிள்ளைகள் என்பதைக் காட்ட இருவருடைய பிறப்புச் சான்றிதழ்களையும் எடுத்துச் செல்ல வேண்டும். மருத்துவமனைகளில் மட்டும் தேடிவிட்டுச் பேங்காக்கின் சுவான் புளூ குடிநுழைவுத் தடுப்பு நிலையத்தை விட்டுவிடக் கூடாது. தூதரக உறவுகள் பற்றிய 1963ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையின் 36ஆவது விதிப்படி, கைதானவர் கேட்டுக்கொண்டால்தான் பொதுவாகத் தூதரகத்துக்கு அறிவிக்கப்படும். ஆகையால் தூதரகத்துக்குத் தகவல் இல்லை என்பதைக் கொண்டு அவர் தடுப்பில் இல்லை என்று முடிவுகட்ட முடியாது.

இணைய மோசடிக் கும்பலிடம் சிக்கியிருப்பதாகத் தெரிந்தால், தாய்லாந்து எல்லை ஊரான மே சோட் சென்று மோய் ஆற்றைக் கடந்து மியான்மாரின் மியாவாடிக்குள் நுழைய முயல வேண்டாம். மியான்மாரில் மட்டும் குறைந்தது 1,20,000 பேர் இணைய மோசடி செய்யக் கட்டாயப்படுத்தப்படக்கூடும் என்று 2023இல் ஐ.நா. மனித உரிமை அலுவலகம் மதிப்பிட்டது. இதை ஆள்கடத்தல் என்று புகாரில் வெளிப்படையாக எழுதச் செய்யுங்கள். மலேசியாவின் 2007ஆம் ஆண்டு ஆள்கடத்தல் எதிர்ப்புச் சட்டம் அதற்கென்றே இருக்கிறது.

கண்டுபிடிக்கப்பட்டவர் வயது வந்தவராக இருந்து, தம் இருப்பிடத்தைச் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டால், அதிகாரிகள் அதைக் குடும்பத்தாரிடம் வெளியிடாமல் இருக்கலாம். அப்போது அதிகாரிகளிடம் சண்டையிடாமல், பழியோ கண்டிப்போ இல்லாத ஒரு சிறு கடிதத்தை அவரிடம் சேர்க்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்; மாறாத ஒரு கைப்பேசி எண்ணை அதில் தெளிவாக எழுதிக் கொடுங்கள்.