ஜெர்மனியில் எம்.எஸ்.: நம் பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

இன்ஜினியரிங் முடித்த கையோடு ஜெர்மனிக்குக் கிளம்பும் பிள்ளைகளிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் வரும் பதில் "அங்கே ஃபீஸ் கிடையாது" என்பதுதான். பல அரசுப் பல்கலைக்கழகங்களுக்கு இது உண்மை. செமஸ்டருக்குச் சில நூறு யூரோ பங்களிப்புத் தொகையோடு முடிந்துவிடும். ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை. ஸ்டுட்கார்ட், கார்ல்ஸ்ரூ, ஹைடல்பெர்க் நகரங்கள் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களுக்கு 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ கட்டணம் உண்டு. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2024-25 குளிர்கால செமஸ்டரிலிருந்து எம்.எஸ். படிப்புகளுக்கு செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ வரை வாங்குகிறது.

அடுத்தது ப்ளாக்டு அக்கவுண்ட், அதாவது அங்கே செலவுக்குப் பணம் இருக்கிறது என்று விசாவுக்குக் காட்ட, முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைக்கும் கணக்கு. 2024 செப்டம்பர் முதல் ஓராண்டுக்கு 11,904 யூரோ போட வேண்டும். விசாவுக்குக் காட்டிவிட்டு உடனே திருப்பி எடுத்துவிடலாம் என்று நினைத்து, தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கிப் போடுகிறார்கள். அது நடக்காது. அங்கே போய்ச் சேர்ந்த பிறகு மாதம் 992 யூரோதான் கைக்கு வரும். சாப்பாடு, வாடகை, இன்சூரன்ஸ் எல்லாம் அதில்தான். மியூனிக் போன்ற ஊரில் பாதிக்கு மேல் அறை வாடகைக்கே போய்விடும். கைமாற்றைத் திருப்பிக் கொடுக்க அதில் ஒன்றும் மிஞ்சாது.

"உங்கள் மார்க்குக்கு உடனே அட்மிஷன்" என்று சொல்லும் ஏஜென்ட்டிடம் கொஞ்சம் நிதானம் வேண்டும். அவர் சொல்வது பெரும்பாலும் கமிஷன் தரும் தனியார் பல்கலைக்கழகமாக இருக்கும். கட்டணம் பல லட்சம். ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டிஏஏடி-யின் இணையதளத்தில் கட்டணம், பயிற்றுமொழி, கடைசித் தேதி எல்லாம் இலவசமாகவே கிடைக்கின்றன. ஒரு மாலை உட்கார்ந்து தேடினால் போதும்.

விண்ணப்பம் நிராகரிக்கப்படும்போது மார்க் குறைவு என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பல நேரம் காரணம் வேறு. நீங்கள் பி.இ.யில் படித்த பாடங்கள் அவர்கள் கேட்கும் பாடங்களோடு பொருந்துகின்றனவா என்று கிரெடிட் வாரியாக எண்ணிப் பார்க்கிறார்கள். இசிஇ படித்த ஒருவர் கம்ப்யூட்டர் சயின்ஸுக்குப் போட்டால், அல்காரிதம், ஆட்டோமேட்டா தியரி, டிஸ்க்ரீட் மேத்ஸ் இத்தனை கிரெடிட் எங்கே என்று கேட்பார்கள். 8.5 சிஜிபிஏ இருந்தும் அந்த இடத்தில் கதவு மூடிவிடும். எனவே சிலபஸை எடுத்து வைத்துக்கொண்டு, அவர்கள் கேட்கும் பட்டியலில் ஒவ்வொரு பாடத்துக்கும் எதிரே உங்கள் பாடத்தை எழுதிப் பாருங்கள். எது பொருந்துகிறதோ அதற்கே விண்ணப்பிப்பது நல்லது. உங்கள் பட்டமும் மார்க் ஷீட்டும் உண்மையானவை என்று சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழையும் தள்ளிப் போடாதீர்கள். இந்தியாவில் படித்தவர்களுக்கு 2022 நவம்பர் முதல் விசாவுக்கு அது கட்டாயம். கூட்டம் இருக்கும் மாதங்களில் வந்து சேரத் தாமதமாகலாம்.

வீடு விஷயத்தில் ஒரே ஒரு விதி: நீங்களோ, அங்கே இருக்கும் நம்பகமான ஒருவரோ அறையை நேரில் பார்க்காமல் அட்வான்ஸ் அனுப்பக் கூடாது. "நான் வெளியூரில் இருக்கிறேன், பணம் போட்டால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வரும் செய்தி மோசடிதான். மருத்துவ இன்சூரன்ஸில் மலிவாக இருக்கிறதே என்று தனியாருக்குப் போய், அரசு சார்ந்த காப்பீட்டிலிருந்து விலக்கு வாங்கிவிட்டால், படிப்பு முடியும்வரை அதற்குத் திரும்ப முடியாது. 30 வயதுக்குள் இருப்பவர்கள் இதைத் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போட வேண்டும்.

பகுதி நேர வேலைக்கு ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் அனுமதி. உணவு டெலிவரி மாதிரி வேலைகளில், நிறுவனத்தின் ஊழியராகச் சேராமல் சுயதொழில் செய்பவராகப் பதிவு செய்யச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாணவர் அனுமதியில், தனி ஒப்புதல் இல்லாமல் சுயதொழில் செய்யக் கூடாது.

ஆங்கிலத்தில் பாடம் நடக்கிறது, ஜெர்மன் எதற்கு என்ற நினைப்பின் விலை படிப்பு முடியும்போதுதான் தெரியும். பட்டம் வாங்கிய பிறகு வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம். ஆனால் பெரிய நகரங்களின் ஐடி வேலைகளை விட்டால், மெக்கானிக்கல், சிவில், ஆட்டோமொபைல் படித்தவர்களிடம் பி1, பி2 எனப்படும் நடுத்தர அளவு ஜெர்மன் கேட்கிறார்கள். வகுப்பும் லேபும் ஓடும்போது புதிதாக ஒரு மொழியைப் படிப்பது சிரமம். விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில் அதற்கு முந்தைய நிலையான ஏ2 வரை முடித்துவிட்டுப் போகிறவர் இரண்டாம் ஆண்டில் நிம்மதியாக இருக்கிறார்.

எனக்கு மிகவும் கவலை தருவது பரீட்சை விஷயம். இங்கே அரியர் வைப்பது சகஜம். அடுத்த செமஸ்டரில் எழுதிக்கொள்ளலாம், விட்டால் அதற்கடுத்ததில். அந்தப் பழக்கத்தோடு அங்கே போகக் கூடாது. பெரும்பாலான படிப்புகளில் ஒரு தேர்வை மூன்று முறைதான் எழுதலாம். கட்டாயப் பாடத்தில் மூன்றாவது முறையும் தோற்றால் பல்கலைக்கழகத்திலிருந்து பெயரை எடுத்துவிடுவார்கள்; அதே படிப்பை ஜெர்மனியில் வேறு எங்கும் தொடர்வது அநேகமாக முடியாது. மதிப்பெண் முறையும் தலைகீழ்: 1.0 மிகச் சிறந்தது, 4.0 பாஸ், 5.0 ஃபெயில். இன்டர்னல் மார்க் கைகொடுக்காது. பல பாடங்களில் கடைசித் தேர்வு ஒன்றுதான் முழு மார்க்கும். தேர்வுக்கு நீங்களே போர்ட்டலில் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்துவிட்டு, விலகும் தேதியும் தாண்டிய பிறகு, போகாமல் இருந்தால் 5.0 விழும், ஒரு வாய்ப்பும் கழியும். உடம்பு சரியில்லை என்றால் உடனே டாக்டர் சான்றிதழ் கொடுக்க வேண்டும்.

முதல் செமஸ்டரில் ஆறு பாடம் பதிவு செய்துவிட்டு, வார இறுதியில் கிடங்கு வேலையும் பார்க்கும் பிள்ளைகள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். இரண்டு முறை தோற்ற பிறகும் யாரிடமும் சொல்வதில்லை. வீட்டில் கடன் வாங்கி அனுப்பியிருக்கிறார்கள், எப்படிச் சொல்வது என்ற தவிப்பு. சொல்லத்தான் வேண்டும். ஒவ்வொரு துறையிலும் படிப்பு ஆலோசகர் இருக்கிறார். அவரிடம் பேசுவதால் மார்க் குறையாது, விசாவுக்கும் ஒன்றும் ஆகாது. மூன்றாவது முறைக்குப் பதிவு செய்யும் முன்பே போய், விருப்பப் பாடமாக இருந்தால் மாற்ற முடியுமா, தேர்வைத் தள்ளிப்போட வழி உண்டா என்று கேளுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: வீடியோ காலில் மார்க் என்ன என்று மட்டும் கேட்காமல், எந்தப் பாடம் கஷ்டமாக இருக்கிறது என்றும் கேளுங்கள்.