கண் வெளியே, கை உள்ளே: லேசர் பந்தயத்தில் முன்னால் வர

ஒருவர் தனியாக ஓட்டும் லேசர் பாய்மரப் படகில் பந்தயத்துக்குப் பந்தயம் நடுக்கூட்டத்திலேயே முடிப்பவர்கள், தங்களுக்குத் தந்திரம் போதவில்லை என்றுதான் பொதுவாக நினைக்கிறார்கள். அவர்களைக் கொஞ்சம் கவனித்துப் பாருங்கள், கண் எந்நேரமும் பாயிலோ, காலில் சிக்கிய மெயின்ஷீட்டிலோதான் (பாயை இழுக்கும் கயிறு, சுருக்கமாக ஷீட்) இருக்கும். காற்று எங்கே கறுத்து வருகிறது, எதிரே யார் வருகிறார் என்று பார்க்க நேரமே மிஞ்சாது. லேசரில் காசு கொடுத்து வேகம் வாங்கவும் முடியாது. எல்லோருக்கும் அதே 4.2 மீட்டர் படகு, அதே அளவுப் பாய். சென்னை நேத்ரா குமணன் டோக்கியோ ஒலிம்பிக்கில் ஓட்டிய லேசர் ரேடியலும் இதே படகுதான், பாய் 7.06-க்குப் பதில் 5.76 சதுர மீட்டர், இப்போது ஐஎல்சிஏ 6 என்று பெயர். ஆகவே முதலில் கைவேலை தானாக நடக்க வேண்டும். கண் வெளியே போனபிறகு தந்திரம் பேசலாம்.

கைவேலையில் பாதி, படகைச் சாயவிடாமல் வைப்பது. சாய்ந்தால் படகு காற்றை நோக்கித் திரும்பப் பார்க்கும், அதைத் தடுக்க நீங்கள் டில்லரை, அதாவது சுக்கானின் கைப்பிடியை, இழுப்பீர்கள், அந்த நிமிடமே சுக்கான் பிரேக் ஆகிவிடும். தண்ணீர் கறுத்து வருவதைப் பார்த்ததும், காற்று வந்து அடிக்கும் முன்பே உடம்பை வெளியே சாய்த்துவிடுங்கள். அப்படியும் சமாளிக்க முடியவில்லையா, ஷீட்டை ஒரு சாண் விட்டு, படகு நிமிர்ந்ததும் திரும்ப இழுங்கள். மெல்லிய காற்றில் மட்டும் முன்னால் நகர்ந்து உட்கார்ந்து, பாய் பக்கம் லேசாகச் சாய்த்து ஓட்டலாம்.

இதற்கு ஒரு நல்ல பயிற்சி உண்டு. பக்கத்தில் ஒரு நண்பரின் படகைக் காவலுக்கு வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் காற்றை எதிர்த்து ஓட்டிப் பாருங்கள். டில்லரின் இழுவை, கன்னத்தில் படும் காற்று, படகின் அடியில் தண்ணீர் போடும் சத்தம், இவற்றை வைத்தே நேராக ஓட்டலாம் என்பது சீக்கிரம் பிடிபடும்.

அடுத்தது டாக், அதாவது மூக்கைக் காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்ப் பக்கம் மாறுவது. மெல்லிய காற்றில் ரோல் டாக், அதாவது படகைச் சாய்த்து நிமிர்த்தித் திரும்பும் டாக், செய்யத் தெரியாதவர் ஒவ்வொரு திருப்பத்திலும் பாதிப் படகு நீளத்தையாவது இழப்பார். முதலில் படகைக் கொஞ்சம் பாய் பக்கம் சாயவிடுங்கள், அதுவே திரும்ப ஆரம்பிக்கும், டில்லர் அதன்கூடவே மெதுவாகப் போனால் போதும். மூக்கு காற்றுக்கு நேரே வரும்போது நீங்கள் இன்னும் பழைய பக்கத்திலேயே இருக்க வேண்டும், படகு உங்கள் மேல் கவிழ வருவதுபோல் சாயும். அவசரப்படாதீர்கள். பாயின் அடிக்கட்டையான பூம் நடுவைத் தாண்டியதும் ஒரே தாவலில் அந்தப் பக்கம் போய், ஒரு கை அளவு ஷீட்டை விட்டு, படகை நிமிர்த்திக்கொண்டே இழுங்கள். படகு நிமிரும் அந்த நொடியில்தான் வேகம் கிடைக்கிறது. ஆனால், டாக் முடிந்ததும், டாக்கே செய்யாமல் இருந்திருந்தால் இருக்கும் வேகத்தைவிட அதிக வேகத்தில் வெளியே வந்தால் பந்தய விதி 42-ஐ மீறியதாகிவிடும், நடுவர் விசில் ஊதுவார்.

பின்காற்றில் பக்கம் மாறும் ஜைப்பில் லேசருக்கே உரிய ஒரு தொல்லை, ஷீட் பின்மூலையில் போய் மாட்டிக்கொள்வது. பூம் நடுவுக்கு வரும் அதே கணத்தில் ஷீட்டை ஒரு சுண்டு சுண்டுங்கள், கயிறு மேலெழும்பி மூலையைத் தாண்டிவிடும். எப்போது சுண்டுவது என்பது பத்து இருபது முறை செய்தால் கைக்கு வந்துவிடும்.

பாயின் வடிவத்தை மாற்றும் கயிறுகளான வாங், கன்னிங்ஹாம், அவுட்ஹால் பற்றி அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். காற்று ஏற ஏற மூன்றையும் இறுக்குங்கள், பின்காற்றில் மூன்றையும் தளர்த்துங்கள். வாங்கை மட்டும் பின்காற்றில் ஒரேயடியாக விட்டால் படகு ஆட ஆரம்பிக்கும்.

சரி, இப்போது ஸ்டார்ட். பந்தயத்தில் பாதி இங்கேயே முடிவாகிவிடுகிறது என்பேன். ஐந்து நிமிட ஒலி வரும் முன்பே லைனின் நடுவில் நின்று, பாயைப் படபடக்கவிட்டு, மூக்கை நேராகக் காற்றுக்குக் காட்டுங்கள். மூக்கு எந்த முனைப் பக்கம் சாய்ந்து நிற்கிறதோ அந்த முனை உங்களுக்கு லாபம். அப்புறம் லைனின் ஒரு முனைக்கு வெளியே போய், இரு முனைகளையும் ஒரே நேர்கோட்டில் வைத்து, பின்னால் கரையில் என்ன தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நகராத பொருளாக இருக்கட்டும். துறைமுகத்தில் கிரேனைக் குறி வைத்துவிட்டு, அது நகர்ந்ததும் திருதிருவென்று விழிக்க வேண்டாம். இந்தக் குறி இல்லாதவர்கள் பயத்தில் லைனுக்கு ஒன்றிரண்டு படகு நீளம் பின்னாலேயே நின்றுவிடுவார்கள், அந்த இடைவெளிதான் உங்கள் வாய்ப்பு.

கடைசி ஒரு நிமிடத்தில் வேலை ஒன்றே ஒன்றுதான், உங்களுக்குக் கீழ்ப்பக்கம், அதாவது காற்று போகும் பக்கம், ஒரு படகு அகலத்துக்கு மேல் காலி இடம் உண்டாக்குவது. மெல்ல மெல்ல மேல்பக்கப் படகை, அதாவது காற்று வரும் பக்கம் இருக்கும் படகை, நோக்கி ஏறுங்கள். விதி 11-இன்படி மேல்பக்கம் இருப்பவர்தான் ஒதுங்க வேண்டும், அவருக்கு ஒதுங்க அவகாசம் கொடுத்தால் போதும். யாராவது அந்தக் காலியிடத்தில் நுழைய வந்தால், மூக்கை அவர் பக்கம் திருப்பிக் காட்டுங்கள், பெரும்பாலும் வேறு இடம் தேடிப் போய்விடுவார். பத்து விநாடி இருக்கும்போது அந்த இடத்துக்குள் மூக்கைத் தாழ்த்தி, அதாவது காற்று வரும் திசையிலிருந்து விலக்கி, பாயை இழுத்து, உடம்பை வெளியே போட்டு ஓட்டுங்கள். பூஜ்யத்தில் புறப்படுவதல்ல, பூஜ்யத்தில் முழு வேகத்தில் இருப்பதுதான் ஸ்டார்ட்.

பிறகு எந்தப் பக்கம் போவது? சென்னையில் கோடையில் காலையின் கரைக்காற்று அடங்கி, மதியவாக்கில் கடல்காற்று உள்ளே வரும். வந்த காற்று சில மணி நேரத்திலேயே கிழக்கிலிருந்து தெற்குப் பக்கமாகத் திரும்பிக்கொண்டு போகும். கடலைப் பார்த்து நின்றால் தெற்கு உங்கள் வலக்கை. அதனால் அந்த மாதிரி மதியங்களில் வலப்பக்கம் பொதுவாகக் கைகொடுக்கும். அதற்காக ஓரமூலைக்கே ஓடிவிடாதீர்கள். இனி டாக் செய்யாமலே மார்க்கை, அதாவது சுற்ற வேண்டிய மிதவையை, எட்டக்கூடிய கோடுதான் லேலைன்; அதைத் தொட்டுவிட்டால் அதன்பின் காற்று எப்படித் திரும்பினாலும் உங்களுக்கு உபயோகமில்லை. காற்று மூக்குப் பக்கம் வந்து படகு மார்க்கைவிட்டு விலகிப் போகிறதா, நாலைந்து விநாடி பொறுத்துப் பார்த்து, நிலைத்தால் டாக் செய்யுங்கள். மார்க்கை நோக்கி ஏற்றிவிடுகிறதா, பேசாமல் போய்க்கொண்டிருங்கள்.

போர்ட் டாக்கில் (காற்று இடப்பக்கத்திலிருந்து வரும் ஓட்டம்) வரும்போது ஸ்டார்போர்டு படகு (காற்று வலப்பக்கத்திலிருந்து வருவது) எதிர்ப்பட்டால் வழிவிட வேண்டியவர் நீங்கள்தான். கடைசி நொடியில் பதறி டில்லரை இழுப்பதைவிட, முன்கூட்டியே ஷீட்டைத் தளர்த்தி மூக்கைத் தாழ்த்தி, அவர் பின்பக்கத்தை உரசுவதுபோல் கடக்கும்போது பாயை இழுத்துக் காற்றை எதிர்த்து முழுக்க ஏறிக்கொண்டிருங்கள், நஷ்டம் மிகக் குறைவு. இடித்துவிட்டால் இரண்டு சுற்றுத் தண்டனை. அதில் போகும் இடங்களோடு ஒப்பிட்டால் பின்னால் கடப்பதன் நஷ்டம் ஒன்றுமே இல்லை.

மேல் மார்க்குக்குக் கூட்டம் அதிகமென்றால் பத்துப் படகு நீளத்துக்கு முன்பே ஸ்டார்போர்டில் வந்துவிடுங்கள். மூன்று படகு நீள வட்டத்துக்குள் போர்ட்டிலிருந்து வந்து டாக் செய்வது வம்பு. கீழ் மார்க்கில் அகலமாக நுழைந்து, ஒட்டி வெளியேறுங்கள். தள்ளி வெளியே வந்தால் பின்னால் வருபவர் அந்த இடைவெளியில் புகுந்துவிடுவார்.

பின்காற்றில் திரும்பித் திரும்பிப் பார்க்க வேண்டும், காற்று வருவது பின்னாலிருந்துதானே. அலை தூக்கும்போது மூக்கைத் தாழ்த்தி, பாயை ஒரே ஒரு இழுப்பு. சர்ஃப் செய்ய, அதாவது அலைமேல் சறுக்க, வாய்ப்பிருந்தால் அலைக்கு ஒரு முறை விதி அனுமதிக்கிறது, இரண்டாவது முறை இழுத்தால் தண்டனை.

காற்றை எதிர்த்து ஏறி முடியும் பந்தயமென்றால் ஃபினிஷ் லைனிலும் ஒரு முனை கிட்டத்தில் இருக்கும், அது காற்றுக்குக் கீழே தள்ளி இருக்கும் முனை. அந்த முனையில், லைனை முடிந்தவரை நேர்க்குத்தாகக் கடங்கள். ஒலி கேட்கும்வரை ஷீட்டை விடாதீர்கள்.