பெரியவருக்கு வில்ம்ஸ் கட்டி என்று ரிப்போர்ட் வந்தால் முதல் 30 நாளில் செய்ய வேண்டியவை

வில்ம்ஸ் கட்டி சிறுபிள்ளைகளின் சிறுநீரகப் புற்றுநோய். பெரியவர்களுக்கு வருவது மிக அபூர்வம். அதனால் ஸ்கேனைப் பார்த்ததும் வழக்கமான சிறுநீரகப் புற்றுநோய் என்று எண்ணிச் சிறுநீரகத்தை எடுத்துவிடுவார்கள்; எடுத்த கட்டியின் பயாப்சியில்தான் உண்மை தெரியும். அறுவை முடிந்து 30 நாளுக்குள் கீமோ தொடங்க வேண்டும் என்பது சர்வதேச வல்லுநர்களின் பரிந்துரை. தாமதம் பிழைக்கும் வாய்ப்பைக் குறைக்கிறது. ரிப்போர்ட் கைக்கு வரும்போதே அந்த 30 நாளில் ஒரு பகுதி கரைந்திருக்கும்.

ரிப்போர்ட் வந்த அன்றைக்கே ஸ்லைடுகளையும் (கட்டியின் மெல்லிய சீவல் ஒட்டிய கண்ணாடித் தகடுகள்) பாரஃபின் பிளாக்குகளையும் (மெழுகில் பதித்த கட்டித் துண்டுகள்) கேட்டு வாங்குங்கள். ரிப்போர்ட் நகல் மட்டும் போதாது. குழந்தைகள் புற்றுநோயில் பழகிய பேத்தாலஜி (திசுப் பரிசோதனை) நிபுணர் அவற்றை மறுபடி பார்க்க வேண்டும். டபிள்யூடி1 (திசுவில் தேடிப் பார்க்கும் ஒரு புரதம்) பாசிட்டிவ் என்பதை வைத்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. மெட்டாநெஃப்ரிக் அடினோமா என்ற தீங்கற்ற கட்டியும் அப்படியே காட்டும். அனாப்ளேசியா (புற்றுசெல்கள் மிகவும் உருமாறிய நிலை) உண்டா, அறுவையின்போது கட்டி உடைந்ததா, நிணநீர்க் கணுக்களை எடுத்தார்களா என்ற மூன்றையும் எழுத்தில் கேளுங்கள். கட்டி உடைந்திருந்தால் நோய்நிலை (ஸ்டேஜ்) 3 ஆகிவிடும், கதிர்வீச்சும் தேவைப்படும். கணுக்களை எடுக்காமல் விட்டிருந்தால் நோய்நிலையைக் குறைத்துக் கணித்துவிடும் அபாயம் உண்டு.

மறுபார்வை நடக்கும்போதே நெஞ்சு சி.டி., இதய எக்கோ இரண்டையும் முடித்துவிடுங்கள். பிள்ளை பெற விரும்புவோர் முதல் டோஸுக்கு முன்பே விந்தணு அல்லது கருமுட்டையைச் சேமிக்க வேண்டும்.

சிகிச்சை குழந்தைகளுக்கான முறைப்படியே நடக்க வேண்டும். குழந்தைகள் புற்றுநோய் மருத்துவரும் சேர்ந்து பார்ப்பது அவசியம். வழக்கமான சிறுநீரகப் புற்றுநோய்க்குத் தரும் மாத்திரைகள் இதற்கு மாற்றாகாது. அமெரிக்காவின் தேசிய வில்ம்ஸ் ஆய்வில் அனாப்ளேசியா இல்லாத 23 பெரியவர்கள் குழந்தைகள் முறைப்படி சிகிச்சை பெற்றார்கள். 5 ஆண்டு கடந்து உயிரோடிருந்தவர்கள் 82 சதவீதம். இந்த எண்ணைத் தயங்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மருந்துகள் பொதுவாக வின்கிரிஸ்டின், ஆக்டினோமைசின் டி, டாக்சோரூபிசின். வின்கிரிஸ்டின் ஒரு டோஸுக்கு 2 மில்லிகிராமைத் தாண்டாது. அப்படியும் குழந்தைகளைவிடப் பெரியவர்களின் நரம்பை அதிகம் தாக்கும். மலச்சிக்கலுக்கு முதல் நாளிலிருந்தே மருந்து கேளுங்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, நடக்கும்போது பாதம் தொங்குகிறது என்றால் அடுத்த ஊசிக்கு முன்பே தெரிவியுங்கள். பூஞ்சைத் தொற்றுக்கான இட்ராகோனசோல், வோரிகோனசோல் மாத்திரைகள் வின்கிரிஸ்டினின் நச்சை ஏற்றிவிடும். வேறு எந்த டாக்டர் எழுதிக் கொடுத்தாலும் புற்றுநோய் மருத்துவரைக் கேட்காமல் அவற்றை விழுங்காதீர்கள்.