தேதி இல்லாத தபால் அட்டையும் ஒரு டாக்டரும்: பழைய கடிதங்களைப் படிக்கப் பழகுவது எப்படி?

பழைய கடிதங்களைக் கையில் எடுக்கும் புதியவர்கள் பெரும்பாலும் நேராக விஷயத்துக்குப் போய்விடுகிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். கையெழுத்து பிடிபட்டது, மொழி பிடிபட்டது. யார், யாருக்கு, எதற்காக எழுதினார் என்பதுதான் பிடிபடவில்லை. நம் வீட்டுப் பரணில் கிடக்கும் "நலம், நலமறிய அவா" கார்டை வெளியாள் ஒருவர் எடுத்துப் படித்தால் அவருக்கு என்ன புரியுமோ, அவ்வளவுதான் எனக்கும் புரிந்தது.

பழகுவதற்கு நான் சிபாரிசு செய்யும் ஆள் டாக்டர் வில்லியம் ஓஸ்லர். 1849இல் கனடாவில் பிறந்தவர். மாண்ட்ரியல், பிலடெல்பியா, பால்டிமோர் என்று மூன்று ஊர்களில் மருத்துவப் பேராசிரியராக இருந்துவிட்டு 1905இல் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார்; 1919 டிசம்பர் 29 அன்று அங்கேயே இறந்தார். நாலு வரிக் கார்டு எழுதிப் போடுவதில் சலிக்காத மனிதர். நாலு ஊர், இரண்டு கண்டம், ஒரு உலகப் போர் எல்லாம் அவர் தபாலில் வந்துபோகின்றன. பழகுகிறவருக்கு இதைவிட நல்ல களம் அமையாது.

தேவையானவை: ஒரு நோட்டு, பென்சில் (பேனா வேண்டாம், காரணம் கடைசியில்), எந்த ஆண்டின் கிழமையையும் பார்க்க உதவும் நிரந்தர நாட்காட்டி ஒன்று.

படி 1: கடிதம் யார் கையில் இருந்து வந்தது?

படிப்பதற்கு முன் இதைக் கேளுங்கள். ஒருவர் எழுதிய கடிதம் அவரிடம் இருக்காது, பெற்றவரிடம்தான் இருக்கும். ஓஸ்லர் இறந்த பிறகு அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுத முன்வந்தவர் மூளை அறுவை நிபுணர் ஹார்வி குஷிங். பால்டிமோரில் ஓஸ்லரின் பக்கத்து வீட்டுக்காரராக இருந்தவர். ஓஸ்லரின் நண்பர்களிடமும் மாணவர்களிடமும் கேட்டுக் கேட்டுக் கடிதங்களைத் திரட்டினார். அந்த உழைப்பு 1925இல் இரண்டு தொகுதிகளாக வெளிவந்து அடுத்த ஆண்டு புலிட்சர் பரிசு பெற்றது. அவர் திரட்டிய பிரதிகள் இன்று மாண்ட்ரியலில், மெக்கில் பல்கலைக்கழகத்தின் ஓஸ்லர் நூலகத்தில் இருக்கின்றன. ஓஸ்லரின் அஸ்தியும் அதே நூலகத்தில்தான் இருக்கிறது.

இதனால் நமக்கு என்ன? பத்திரமாக எடுத்து வைத்தவர்களின் கடிதம் மட்டுமே நம் கைக்கு வந்திருக்கிறது. படித்துவிட்டுக் கிழித்துப் போட்டவர்களும் இருந்திருப்பார்கள். ஒருவருக்கு அறுபது கடிதம், இன்னொருவருக்கு இரண்டே இரண்டு என்றால் முதலாமவர்தான் நெருங்கிய நண்பர் என்று முடிவு கட்டிவிடாதீர்கள். முதலாமவர் வீட்டில் நல்ல அலமாரி இருந்திருக்கலாம்.

படி 2: விஷயத்தை மறைத்துவிட்டு மற்றதைப் படியுங்கள்

எழுதிய பகுதியை ஒரு வெள்ளைத்தாளால் மூடுங்கள். கண்ணுக்குத் தெரிவது விலாசம், தபால் தலை, முத்திரை மட்டும். காலத்தைக் கண்டுபிடிக்க இவையே பாதி வேலையைச் செய்துவிடும்.

தாளின் தலைப்பில் "1, மேற்கு ஃபிராங்க்ளின் தெரு" என்று இருந்தால் அது பால்டிமோர் காலம், அதாவது 1905க்கு முன். "13, நார்ஹாம் கார்டன்ஸ்" என்றால் ஆக்ஸ்ஃபோர்டு வீடு, 1907க்குப் பின். வந்து போகிறவர்கள் கூட்டம் ஓயாததால் அந்த வீட்டுக்கு 'திறந்த கைகள்' என்றே செல்லப்பெயர். அவருக்கு வந்த உறையில் "சர் வில்லியம்" என்று இருந்தால் 1911 அல்லது அதற்குப் பின்; பாரனட் பட்டம் அந்த ஆண்டில்தான் கிடைத்தது.

இனி ஒரு பயிற்சி. கார்டு என் கற்பனை. கணக்கு மட்டும் நிஜம். 13, நார்ஹாம் கார்டன்ஸிலிருந்து உள்நாட்டு நண்பர் ஒருவருக்கு ஒரு தபால் அட்டை. மேலே "ஞாயிறு, ஜனவரி 14". ஆண்டு இல்லை. முத்திரை மங்கிவிட்டது. ஒட்டியிருப்பது ஐந்தாம் ஜார்ஜ் முகம் போட்ட அரைப்பென்னி தலை, அது ஒன்றுதான்.

ஐந்தாம் ஜார்ஜ் தலை பிரிட்டனில் வெளிவந்தது 1911 ஜூன் 22 அன்று. 1918 ஜூன் தொடக்கத்தில் கார்டுக் கட்டணம் ஒரு பென்னியாக ஏறிவிட்டது. ஆக, நம் ஜனவரி 1912 முதல் 1918 வரை ஏதோ ஒன்று. நாட்காட்டியைப் புரட்டுங்கள். அந்த ஏழு ஆண்டுகளில் ஜனவரி 14 ஞாயிறாக வந்தவை இரண்டே: 1912, 1917.

இப்போது வெள்ளைத்தாளை எடுங்கள். கார்டில் "படையில் இருக்கும் மகனிடமிருந்து கடிதம் வந்தது" என்று ஒரு வரி. மகன் ரெவியர் பிறந்தது 1895 டிசம்பரில். 1912 ஜனவரியில் அவனுக்கு வயது பதினாறு, போரும் இல்லை. ஆண்டு 1917. இந்த முறையில் முதல் தடவை ஒரு தேதி விழும்போது கிடைக்கும் சந்தோஷத்துக்காகவே நான் இன்னும் இந்த வேலையை விடாமல் இருக்கிறேன்.

படி 3: கடிதத்தின் மறுபாதியைத் தேடுங்கள்

பதிலை மட்டும் படிப்பது தொலைபேசியில் ஒரு பக்கப் பேச்சைக் கேட்பது போல. மாட் அபட் என்ற பெண் மருத்துவரின் கதை இதற்குப் பொருத்தம். பெண் என்பதால் மெக்கில் மருத்துவக் கல்லூரி அவரைச் சேர்க்கவில்லை. வேறு கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்று, பிறகு அதே மெக்கிலின் மருத்துவ அருங்காட்சியகத்தைப் பொறுப்பேற்றார். அங்கே ஜாடி ஒன்றில் விசித்திரமான இதயம் ஒன்று கிடந்தது. கீழறைகள் இரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுதான். யாருடையது, எங்கிருந்து வந்தது என்று குறிப்பு இல்லை. அங்கே முன்பு பாடம் நடத்திய ஓஸ்லருக்குக் கடிதம் போனது. அது ஆண்ட்ரூ ஹோம்ஸ் 1824இலேயே எடின்பரோவில் எழுதி வெளியிட்ட இதயம் என்று பதில் வந்தது. அபட் அதை 1901இல் மறுபடி வெளியிட்டார். பிறவி இதயக் கோளாறுகளில் உலகமே மதிக்கும் நிபுணராக அவர் ஆனதற்கு அந்த ஜாடி ஒரு தொடக்கம்.

ஓஸ்லரின் பதிலை மட்டும் படித்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு பெயரும் ஒரு ஆண்டும். அபட்டின் கேள்வியையும் பக்கத்தில் வையுங்கள். முடிந்தால் ஜாடியையும் மனதில் வையுங்கள்.

படி 4: பழைய நோய்ப்பெயர்கள்

ஒரு சிறு பட்டியல் போதும். 'தைசிஸ்' என்றால் க்ஷயம். 'கிரிப்' என்றால் இன்ஃபுளுயன்சா. 'பிரைட் நோய்' என்றால் சிறுநீரக அழற்சி. 'டிராப்ஸி' என்றால் உடம்பில் நீர் கோத்த வீக்கம். அது தனி நோய் அல்ல, அறிகுறி. டாக்டருக்கு டாக்டர் எழுதும்போது நோயாளியின் பெயர் இருக்காது, முதலெழுத்து மட்டும் இருக்கும். அதைத் துப்பறிய வேண்டாம்.

படி 5: விளையாட்டா, விஷயமா?

இந்தப் படியைத் தாண்டிப் போனவர்கள் நிறையப் பேர்; தடுக்கி விழுந்தவர்களில் படித்த டாக்டர்களும் உண்டு. ஓஸ்லருக்கு எகர்டன் யோரிக் டேவிஸ் என்று ஒரு மாற்றுப்பெயர் உண்டு: ஓய்வுபெற்ற அமெரிக்க ராணுவ டாக்டர் என்பது வேடம். 1884இல் பிலடெல்பியாவின் மருத்துவ இதழ் ஒன்றில், அதன் ஆசிரியர் குழுவிலிருந்த சக டாக்டர் ஒருவரைச் சீண்டுவதற்காக, டேவிஸ் பெயரில் ஒரு படுக்கையறை விபத்தை மிகத் தீவிரமான தொனியில் எழுதி அனுப்பினார். அச்சேறியது. பிற்காலத்தில் சிலர் அதை உண்மை நேர்வாகவே மேற்கோள் காட்டினார்கள்.

கையொப்பத்தைப் பாருங்கள். பெறுநருக்கும் அவருக்கும் எப்படிப்பட்ட பழக்கம் என்று பாருங்கள். தொனி அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தால் சந்தேகப்படுங்கள்.

படி 6: எழுதாமல் விட்டதற்கும் ஒரு வரி

பால்டிமோரில் ஓஸ்லருடன் இருந்த அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் மார்ஃபின் பழக்கத்தில் சிக்கியிருந்தார். ஓஸ்லருக்கு அது தெரியும். தெரிந்ததைத் தனிக் குறிப்பாக எழுதி, பூட்டி வைத்துவிட்டார். அது அச்சில் வந்தது 1969இல். இருவருமே இறந்து நெடுங்காலம் ஆகியிருந்தது. ஆகவே சக டாக்டர்களின் கடிதங்களில் ஹால்ஸ்டெட் பெயர் வரும் இடங்களில், "இதை எழுதும்போது எழுதியவருக்கு என்ன தெரியும்?" என்று ஓரத்தில் ஒரு வரி குறித்துக்கொள்ளுங்கள்.

இதையே துக்கத்துக்கும் செய்ய வேண்டும். 1917 ஆகஸ்ட் 30, வியாழக்கிழமை, ஈப்ரஸ் போர்முனையில் ரெவியர் இறந்தான். ஓஸ்லருக்கு இருந்தது அந்த ஒரே மகன்தான். காயம்பட்டவர்களுக்கான கூடாரத்தில் அவன் அருகில் இருந்தவர் அதே குஷிங். அமெரிக்க மருத்துவப் படைப்பிரிவோடு அங்கே வந்திருந்தார். அந்த வியாழனுக்கு முந்தைய கடிதங்களை ஒரு கட்டாகவும் பிந்தையவற்றை இன்னொரு கட்டாகவும் பிரித்துவிட்டுப் படியுங்கள். புத்தகப் பார்சல் பற்றிய சாதாரண வரிகூட இரண்டாம் கட்டில் வேறு மாதிரி படும்.

படி 7: சீட்டு எழுதுவது

ஒரு கடிதத்துக்கு ஒரு சீட்டு. நம் கற்பனைக் கார்டுக்கு இப்படி வரும்:

அனுப்பியவர்: வி. ஓஸ்லர், 13 நார்ஹாம் கார்டன்ஸ்.
தேதி: ஜனவரி 14, [1917], ஞாயிறு.
ஆண்டுக்கு ஆதாரம்: தபால் தலை, கட்டணம், கிழமை, மகன் படையில்.
மறுபாதி: கிடைக்கவில்லை.

ஆண்டைச் சதுர அடைப்புக்குள் போட்டிருப்பதைக் கவனியுங்கள். கார்டில் இருப்பது வெளியே, நாம் ஊகித்தது உள்ளே. இந்தக் கோட்டை ஒருநாளும் அழிக்காதீர்கள். அடைப்புக்குள் இருப்பதை வேண்டுமானால் எத்தனை தடவையும் அழிக்கலாம். பென்சில் அதற்குத்தான். என் முதல் நூறு சீட்டுகளில் ரப்பர் படாதவை கொஞ்சம்தான்.