மறதி நோய் உள்ளவர்களிடம் ஆய்வுக்காகப் பேட்டி எடுப்பது எப்படி?

நெறிமுறைக் குழுவின் அனுமதி, கேள்விப் பட்டியல் எல்லாம் கையில் இருக்கும் என்று வைத்துக்கொண்டு வீட்டு வாசலிலிருந்தே தொடங்குகிறேன்.

காலை டிபன் முடிந்தபின் போங்கள். பொழுது சாயச் சாயப் பலருக்குக் குழப்பமும் பதற்றமும் கூடும். டிவியை நிறுத்தச் சொல்லுங்கள். காது மிஷின் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். காது கேட்காததை மறதி என்று குறித்துவிடக் கூடாது.

அடுத்து சம்மதம். நிறையப் பேர் சிக்கிக்கொள்ளும் இடம் இது. சுயமாகச் சம்மதம் தர முடியாதவருக்காகச் சட்டப்படியான பிரதிநிதி கையெழுத்திட இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) 2017 நெறிமுறைகளில் இடம் உண்டு. நோய் இருப்பதாலேயே ஒருவரை அப்படி முடிவு கட்டிவிடாதீர்கள். ஆரம்ப நிலையில் பலர் தாங்களே தெளிவாகச் சொல்வார்கள். மகன் கையெழுத்துப் போட்டுவிட்டாலும் பேசப்போவது அம்மாதானே? அவரிடமும் ஒவ்வொரு முறையும் கேளுங்கள். ரெக்கார்டரைக் கையில் கொடுத்து, "அம்மா, நீங்க பேசறத இதுல பதிவு பண்ணிக்கட்டுமா?" என்று கேட்டால் போதும். பாதிப் பேச்சில் நீங்கள் யார் என்பதே மறந்துபோகலாம். மறுபடி சொல்லி, மறுபடி கேளுங்கள். முந்தானையை முறுக்கிக்கொண்டே வாசலைப் பார்க்கிறாரா? வாய் "சரி" என்றாலும் நிறுத்திவிடுங்கள். வீட்டுக்கு வந்தவரிடம் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்லப் பலருக்கு மனசு வராது.

"ஞாபகம் இருக்கா?" என்ற கேள்வி வேண்டவே வேண்டாம், பரீட்சை மாதிரி ஆகிவிடும். அண்மை நிகழ்வுகள்தான் பெரும்பாலும் முதலில் நழுவும். அதனால் பழைய கல்யாண ஃபோட்டோவைக் கையில் கொடுத்து, "இவங்கள்லாம் யாரு? சொல்லுங்கம்மா" என்று தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. பதில் வரத் தாமதமானால் காத்திருங்கள், வார்த்தை எடுத்துக் கொடுக்காதீர்கள். காலமான கணவர் ஆபீஸ் போயிருப்பதாகச் சொன்னால் திருத்த வேண்டாம். "அவர் எப்படிப்பட்டவர்?" என்று கேளுங்கள். ஆய்வுக்கு வேண்டியது அங்கே கிடைக்கும்.

பதிவு செய்ய எனக்குத் தனி ரெக்கார்டர்தான் பிடிக்கும். செல்போன் ஒரு தடவை அடித்தால் பேச்சின் இழை அறுந்துவிடும், திரும்பப் பிடிப்பது கஷ்டம். எழுத்தாக்கும்போது மௌனங்களையும் திரும்பத் திரும்ப வரும் சொற்களையும் வெட்டாதீர்கள்.

பிற்சேர்க்கை: பக்கத்தில் இருக்கும் மகளே எல்லாவற்றுக்கும் பதில் சொல்கிறார், என்ன செய்வது என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வெளியே அனுப்பாதீர்கள், அம்மாவுக்குப் பயம் வரலாம். கண்ணில் படும் தூரத்தில், சற்றுத் தள்ளி உட்காரச் சொல்லுங்கள். மகளோடு பேசத் தனியாக நேரம் ஒதுக்குவதாக அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பராமரிப்பவருக்கும் சொல்ல நிறைய இருக்கும். அதைத் தனிப் பதிவாக வைத்துக்கொள்ளுங்கள், அம்மாவின் பேட்டியோடு கலக்க வேண்டாம்.