சந்தியாகுக்குள் ஒளிந்திருக்கும் யாக்கோபைக் கண்டுபிடிப்பது எப்படி?

ஜேம்ஸும் ஜேக்கபும் ஒரே பெயர்தான் என்றால் பலர் நம்புவதில்லை. நீங்களே துரத்திப் பார்க்கலாம், பெரிய படிப்பெல்லாம் வேண்டாம்.

முதலில் உயிரெழுத்துகளை மறந்துவிட்டு மெய்களை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் மூலமான பைபிள் பெயர் யாக்கோபு, எபிரேயத்தில் யோத், அயின், கோஃப், பேத் என்று நான்கு எழுத்து. அயின் தொண்டைக்குள் எழும் ஒலி, கிரேக்கத்தில் அதற்கு எழுத்தே இல்லாததால் அங்கேயே தொலைந்துபோனது. மிஞ்சியது ய, க, ப.

அடுத்து வாலை வெட்டுங்கள். கிரேக்கத்தில் இயாக்கோபோஸ், லத்தீனில் இயாக்கோபுஸ். வால் போனால் ஜேக்கப், பிரெஞ்சில் ழாக். பிற்கால லத்தீனில் ‘ப’ சில இடங்களில் ‘ம’ ஆகிவிட்டது, அந்தக் கிளையில் வந்தவர்கள்தான் இத்தாலியின் ஜாக்கோமோவும் ஆங்கிலத்தின் ஜேம்ஸும். 1611இல் வந்த ஆங்கில பைபிளில் முதல் நூலான ஆதியாகமத்தில் ஜேக்கப், புதிய ஏற்பாட்டு நிருபத்தில், அதாவது கடிதத்தில், ஜேம்ஸ். தமிழ் பைபிளில் இரண்டு பேருமே யாக்கோபு. நம்மவர்கள் தேவலை.

முன்னால் ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். ‘புனித’ என்ற பொருள் தரும் ‘சாந்த்’, யாக்கோபின் ஸ்பானிய வடிவமான இயாகோவோடு ஒட்டிச் சந்தியாகோ ஆனது, போர்த்துக்கீசியர் வழியாக நம் கடற்கரைக்கு வந்து சந்தியாகு ஆனது. தங்கச்சிமடத்துச் சந்தியாகப்பர் இயேசுவின் சீடரான இந்தப் புனித யாக்கோபுதான், திருநாள் ஜூலை 25.

பொருள் தேடும்போது மட்டும் கவனம். குழந்தைப் பெயர்ப் பட்டியல்களில் ‘ஏமாற்றுபவன்’ என்று போட்டிருப்பார்கள், அது தந்தையின் ஆசீர்வாதத்தை யாக்கோபிடம் பறிகொடுத்த அண்ணன் ஏசா கோபத்தில் அடித்த சிலேடை. ஆதியாகமம் 25ஆம் அதிகாரத்தில் யாக்கோபு அண்ணனின் குதிகாலைப் பிடித்தபடி பிறந்ததாகத்தான் கதை, குதிகாலுக்கு எபிரேயத்தில் ‘அகேவ்’.

பட்டப்பெயரும் துப்புதான். 12ஆம் நூற்றாண்டுப் பிரான்சின் யூத அறிஞர் யாக்கோவ் பென் மெயிரை எல்லோரும் ‘ரபேனு தாம்’ என்பார்கள், பைபிளில் யாக்கோபை ‘தாம்’, அதாவது குணசாலி, என்று சொல்லியிருப்பதால். இவர் தாய்வழித் தாத்தாதான் பெரிய உரையாசிரியர் ராஷி. யூதர்கள் ஜெபத்தின்போது கட்டிக்கொள்ளும் தெஃபிலின் பெட்டிக்குள் வசனங்கள் எழுதிய தோல்சுருள்களை எந்த வரிசையில் வைப்பது என்பதில் பேரன் தாத்தாவோடு முரண்பட்டார், அதனால் இரண்டு பேர் கணக்குக்கும் ஒவ்வொரு ஜோடி கட்டுகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள்!

அப்புறம், அரபு வழியில் போனால் யஃகூப். கிரேக்கத்தில் தொலைந்த அந்தத் தொண்டை ஒலி அங்கே பத்திரமாக இருக்கிறது. சித்தர் ராமதேவர் மெக்கா போய் யாக்கோபு ஆனார் என்று நம்மூரில் வழிவழியாகச் சொல்வது இந்தப் பெயரைத்தான்.